டாங்கி என்றால் மரியாதையா?

நம் பள்ளி விழாத் தலைமைக்கு அணிசேர்க்கும் பெற்றோர் கழகத் தலைவர் சீனுவாசன் அவர்களே! ஆன்றோர்களே! மல்லாட்டைக் கொல்லையில் கடலைச்செடிக்குக் களையெடுத்த கை காயுமுன் ஓடிவந்த தாய்மார்களே! இவர் எப்போது முடிப்பார் என்று சலங்கையோடு காத்திருக்கும் குழந்தைகளே! வணக்கம்.

‘ஆங்கிலத்தின் அருமை’ என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். இருபது ஆண்டு ஆங்கிலம் நடத்தியவன் நான். ஒரே ஒரு சொல்லின் அருமையைச் சொல்கிறேன். டாங்கி!

சிரிக்கிறீர்களா? இந்தத் திண்டிவனத்தில் அந்தச் சொல்லை வாங்காமல் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் யார்? அதற்கு வயது இருநூறு சொச்சம்தான். முன்பெல்லாம் ஆங்கிலேயன் கழுதையை ‘ஆஸ்’ என்றான். மங்கிய பழுப்பைக் குறிக்கும் ‘டன்’ என்ற சொல்லிலிருந்து டாங்கி பிறந்திருக்கலாம் என்கிறது அகராதி. அதுவும் உறுதியில்லையாம்! கப்பலில் பாரம் இழுக்கும் சிறிய எந்திரமும் டாங்கி. முதுகொடியும் வேலை டாங்கி வேலை. ‘டாங்கியின் ஆண்டுகள்’ என்றால் நெடுங்காலம். இத்தனை பொருளில் நம் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது எது? வசவு! வசவு! வசவு மட்டும்!

கொடுமையைக் கேளுங்கள். சென்ற மாதம் பேருந்து நிலையத்தில், கிளியனூர் முனியம்மாள் என்ற தாய் பக்கத்திலிருந்தவரிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

“எங்க பொண்ணு ஸ்கூல்ல சாரு தமிழ்ல திட்டவே மாட்டாரும்மா. இங்கிலீஷ்லயேதான் திட்டிக்கினு இருப்பாரு. அதுக்குத்தான தெனம் பஸ் ஏத்தி அனுப்பறேன்!”

அவரை நான் குறை சொல்லவில்லை. அப்படி நம்ப வைத்தவர்கள் நாங்கள். கழுதை என்றால் கொதிக்கிறோம், டாங்கி என்றால் குளிர்கிறோமே, இது என்ன அறிவு? தம்பி, கை தட்டாதீர்கள். தட்டும் வேளை இதுவல்ல.

அவர் மகள் சங்கவி. ஜூலையில் ஒருநாள் ‘சில்ட்ரன்’ என்பதை ‘சைல்ட்ஸ்’ என்று படித்துவிட்டாள். “டாங்கி, உட்கார்” என்றார் ஆசிரியர். உட்கார்ந்தவள் அதன்பின் வகுப்பில் வாய் திறக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை விழுப்புரத்தில் மாவட்டப் பேச்சுப் போட்டி. நம் பள்ளிக்காகப் பேசவேண்டியவள், பட்டியலில் இருந்த தன் பெயரைத் தானே அடித்துவிட்டாள்.

யார் அந்த ஆசிரியர் என்றா கேட்கிறீர்கள்? நான்தான் ஐயா! நேற்று அவளைக் கூப்பிட்டு, “தப்பு பண்ணிட்டேம்மா” என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

“பரவால்ல சார். இங்கிலீஷ்லதான சொன்னீங்க.”

இருபது ஆண்டில் நான் கற்றுக்கொடுத்தது இதுதானா? இதற்கா எனக்குச் சம்பளம்? இதற்கா எனக்குப் பொன்னாடை?

சங்கவி, ஊரறிய மன்னிப்புக் கேட்கிறேன், தமிழிலேயே கேட்கிறேன். கழுதை என்றுதான் உன்னைச் சொன்னேன். பரவாயில்லை என்று சொல்லாதே, கோபப்படு. கோபப்பட்டு, வெள்ளிக்கிழமை மேடையேறிப் பேசு. என்னைப் பற்றியே பேசு!

பொறுமை காத்த அவைக்கு நன்றி. முனியம்மாள் அம்மா, உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் தலைதாழ்ந்த வணக்கம்.