உசத்தித் தச்ச பின் சீட்டு

சந்தேகம் எனக்கு இன்னைக்கு நேத்து வந்ததில்ல சார். எங்கண்ணன் சொன்னத வருஷக்கணக்கா சந்தேகப்பட்டிருக்கேன். கூடப்பொறந்தவரப் போய் இப்படி நெனைக்கிறோமேன்னு வெக்கமும் பட்டிருக்கேன். அதுக்கும் இந்த வண்டிக்கும் என்ன சம்பந்தம்னு பாக்கறீங்க. நீங்கதான கேட்டீங்க, பின் சீட்டு ஏன் ஒட்டகத் திமில் மாதிரி நிக்குதுன்னு.

மொதல்ல உக்காருங்க. வண்டிய வாங்கப் பாக்க சொல்லாம வந்துட்டேன்னு எதுக்கு சங்கடப்படறீங்க? இந்த வீட்டுக்கு எப்ப வந்தாலும் ஆள் இருக்கும். உள்ள எங்க மாமியார் படுத்திருக்காங்க. கல்யாணமாகி நாங்க இங்க குடிவந்த நாள்லேருந்தே அவங்களுக்குப் படுக்கைதான். தனியா விட முடியாது. ஒண்ணு என் சம்சாரம் இருப்பா, இல்ல நான் இருப்பேன். பொண்ணு வளந்து பாத்துக்கற வரைக்கும் கல்யாணம், சாவுன்னாக்கூட ஒருத்தர்தான் போனோம். இந்தக் கதவுக்குப் பூட்டே வாங்கினதில்ல சார். வேணும்னா பாருங்க, உள்பக்கம் தாப்பா மட்டுந்தான்.

வண்டியா? எஞ்சினப் பத்தி நீங்க கவலையே பட வேணாம். அண்ணன் கார் வாங்கினாரு, இந்த பைக்க வெளியாளுக்குக் குடுக்கறதுக்கு நீயே எடுத்துக்கடான்னாரு. எனக்கு வேல, கடை கடையாப் போய் தராசு சரி பாக்கறது. பழைய மொபட்ட ஓட்டி ஓட்டி இடுப்பே விட்டுப் போச்சு. சரின்னு எடுத்துக்கிட்டேன். எடுத்த கையோட ஹேண்டில்பாரக் கொஞ்சம் மேல தூக்கி என் பக்கமா வர்ற மாதிரி மாத்தினேன், குனிய வேண்டியதில்ல. ஷாக் அப்சார்பர ஒரு படி இளக்கி விட்டேன், பள்ளத்துல எறங்கினா முதுகுல இடிக்காது. கைப்பிடிக்கு மெத்துன்னு உறை. முன் சீட்டுக்கு நானே ஒரு ஸ்பாஞ்ச் வெட்டி வச்சு உறை மாட்டினேன். நம்ம ஒடம்புக்கு அளவெடுத்துத் தச்ச சட்ட மாதிரி ஆயிடுச்சு வண்டி.

பின்பக்கம்தான் பாக்கி. என் சம்சாரம் மொத நாள் ஏறி உக்காந்துட்டு, என்னங்க இது, மாடியில உக்காந்த மாதிரி இருக்கு, உங்க வழுக்கை எவ்ளோ தூரம் வந்திருக்குன்னு இன்னைக்குத்தான் முழுசாப் பாக்கறேன்னா. அந்த இடது பக்க ஃபுட்ரெஸ்ட்டப் பாருங்க, அதுவும் ஒரு தினுசு. வலது பக்கத்தவிட கீழ, முன்னால தள்ளி வெல்டு வச்சிருக்கு. என்னண்ணே இதுன்னு கேட்டேன். எனக்கு முன்னாடி வச்சிருந்தவன் பண்ணினதுடா, நானே பழைய வண்டியாத்தான வாங்கினேன்னாரு. அது சரியாத்தான் பட்டுச்சு.

என்ன கேட்டீங்க, எங்கப்பா இருக்காரான்னா? அவர் போயி ரொம்ப வருஷம் ஆச்சு. அண்ணன்கூடத்தான் இருந்தாரு. நான் எம் பொண்டாட்டிய நானாப் பாத்துக் கட்டிக்கிட்டேன், உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னுட்டாரு. கோவத்துல எந்த அப்பன்தான் சொல்லல? அப்புறம் எனக்குப் பொண்ணு பொறந்தா. ஒரே ஒரு தடவ கூட்டிட்டு வாண்ணே, பேத்தியப் பாக்கட்டும்னு அண்ணன்கிட்ட கெஞ்சினேன். அவர் சொன்னது என்னன்னா, கீழ விழுந்ததுலேருந்து அப்பாவுக்கு இடது முட்டி மடங்கல, வண்டியில உக்காரவே முடியாதுடா. முடிஞ்சாலும் வர மாட்டாரு, உன் பேர எடுத்தாலே சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறாரு. நீயும் வந்து நிக்காத, பிரஷர் ஏறிடும்.

இங்கதான் சார் எனக்கு இடிச்சுது. முட்டி மடங்கலேன்னா பேச்சு அதோட முடிஞ்சுது. மனசு வரலேன்னா முட்டியப் பத்தி எதுக்குப் பேசணும்? ஒரு பொருளுக்கு ரெண்டு எடைக்கல்லு வைக்கிற கடையில நான் தட்டத் திருப்பிப் போட்டுப் பாக்கறவன். அண்ணன்கிட்ட மட்டும் பாக்கல. அந்தத் தெருமுனை வரைக்கும் எத்தன தடவ போயிருக்கேன். பிரஷர நெனச்சுத் திரும்பினேனா, மூஞ்சியத் திருப்பிக்குவாரேன்னு பயந்து திரும்பினேனா, இப்பவும் சொல்லத் தெரியல. கடைசியில சேதி வந்தப்பதான் உள்ள போனேன். அப்ப அவர் சுவத்துப் பக்கம் திரும்பல. மேல பாத்துப் படுத்திருந்தாரு.

சரி, சீட்டுக்கு வரேன். பின்னாடி மட்டும் கொஞ்சம் எறக்கித் தச்சுட்டா இவளுக்கு வசதியா இருக்கும்னு விசாரிச்சேன். நான் தராசு பாக்கற கடைக்காரர் ஒருத்தர், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கான், சீட்டு தைக்கறதுல அவன அடிச்சுக்க முடியாதுன்னாரு. போனேன். அவர் சீட்டக் கழட்டிக் கவுத்துப் பாத்தாரு. அடியில ஒரு மூலையில பச்ச நூல்ல ஒரு முடிச்சு. அவர் தைக்கற எல்லா சீட்டுலயும் அது இருக்குமாம். வேற எவனோ தச்சது கிழிஞ்சுட்டா தன் தலையில கட்டிடுவாங்களேன்னு ஒரு அடையாளம். இது நம்ம தையலாச்சே, சாய்மானத்த ஏன் சார் கழட்டினீங்க, பெரியவர் சவுக்கியமா இருக்காரான்னாரு.

எந்தப் பெரியவர்னு கேட்டேன்.

அதான் சார், கால் மடங்காதே, மூத்த மகன் கூட்டிட்டு வந்தாரேன்னாரு. அப்பா அங்க வண்டி மேலயே உக்காந்துக்கிட்டு இன்னும் உசத்து, இன்னும் உசத்துன்னு அவர் உசுர எடுத்திருக்காரு. இதுக்கு மேல உசத்தினா மரத்துலதான் உக்காரணும் பெரியவரேன்னு இவர் சொல்லிருக்காரு. அதுக்கு அப்பா, பெரியவன் மண்ட மறைக்குதுப்பா, எனக்கு ரோடு தெரியணும், சின்னவன் வீட்டுக்கு வழியப் பாத்து வச்சுக்கிட்டா அடுத்த தடவ ஆட்டோ புடிச்சு நானே போயிடுவேன்னாராம். முதுகுக்கு சாய்மானம், கால நீட்டி வைக்க அந்த ஃபுட்ரெஸ்ட்டு, எல்லாம் அவர் சொல்லச் சொல்லப் பண்ணினதாம். அண்ணன் வெளிய நின்னு போன் பேசிக்கிட்டே இருந்தாராம்.

நீங்க யாரு சார்னு கேட்டாரு. வண்டிய வாங்கினவன்னேன். அது பொய்யில்லையே.

எறக்கவான்னு கேட்டாரு. இல்ல, தொட வேணாம்னு சொல்லி அப்படியே மாட்டச் சொல்லிட்டேன். அதுலேருந்து வண்டிய எடுத்தாலே, பின்னாடி ஒருத்தர் என் தோள் மேல எட்டி வழி பாத்துக்கிட்டு வர்ற மாதிரியே இருக்கு. எத்தன வசதி பண்ணி என்ன, என்னால உக்காந்து ஓட்ட முடியல. அதான் குடுத்துடலாம்னு. எறக்கறதா இருந்தா நீங்க எறக்கிக்குங்க, என் கண்ணு முன்னாடி வேணாம்.

இருங்க, இன்னும் முடியல. அப்புறமும் ஒரு நா அப்பா அந்தக் கடைக்கு வந்திருக்காரு, சாய்மானம் ஆடுதுன்னு. என்ன பெரியவரே, பேத்தியப் பாத்தீங்களான்னு இவர் கேட்டிருக்காரு. போனோம்ப்பா, கதவுல பூட்டு தொங்குச்சு, வரோம்னு முன்கூட்டியே சொல்லியும் பூட்டிட்டுப் போயிட்டான்னு பெரியவன் சொன்னான்னாராம். இவர் திருகாணிய எடுத்துக்கிட்டு வந்தா, வேணாம் விடு, ஆடினா ஆடட்டும், இனிமே எங்க போகப் போறோம்னு எறங்கிட்டாராம்.

பாத்தீங்களா? வாசப்படிய மிதிக்க மாட்டேன்ன அப்பாவையே நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். அவரு, கதவப் பூட்டிட்டுப் போன புள்ளைய நெனச்சுக்கிட்டே போய்ச் சேந்துட்டாரு.

அண்ணனா? போன வாரம் போனேன். கார் கழுவிக்கிட்டிருந்தாரு. வாடா, வண்டி எப்படி ஓடுதுன்னாரு. நல்லா ஓடுதுண்ணேன்னேன். பின் சீட்ட எறக்கிட்டியான்னாரு. இல்லண்ணே, தச்சவரே கிடைச்சாருன்னேன். தொடச்ச கண்ணாடியவே திரும்பத் தொடச்சாரு. நாலு வார்த்த நறுக்குன்னு கேக்கணும்னுதான் வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். அங்க நின்னப்ப ஒண்ணுதான் வாயில வந்துச்சு.

அண்ணே, அன்னைக்கு நீ அப்பாவுக்கு யார் வீட்டுப் பூட்டக் காமிச்சே?