லிஸ்டில் இல்லாத சிப்

முடியாது என்ற சொல் எனக்குப் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் சார். தோசை தீர்ந்துவிட்டது என்று என் மனைவி ஈஸ்வரி சொன்னால்கூட, மாவுப் பாத்திரத்தை ஒருமுறை வழித்துப் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலும் ஒன்று தேறும்.

நீங்கள் கேட்பதும் அதே மாதிரி விஷயம்தான். எங்கள் கம்பெனி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தகடு அடிக்கும் பிரஸ் மிஷின்களுக்குக் கன்ட்ரோலர் செய்கிறது; பின்னால் ஷெட்டில் நாங்களே தகடும் அடிக்கிறோம். மிஷினை இயக்கும் அந்தக் கன்ட்ரோலருக்குள் ஒரு சிப் இருக்கும். நாங்கள் எழுதும் புரோகிராமை அந்த சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். பழைய கம்பைலர் இருந்த கம்ப்யூட்டர் மழைத் தண்ணீரில் ஊறிச் செத்துவிட்டது. புது சர்வரில் நானே ஒரு கம்பைலரைக் கட்டினேன். எம்.டி. எல்லார் முன்னாலும் கை கொடுத்தார்.

ஒரே ஒரு குறை. ஷெட்டில் ஆபரேட்டர் அன்புராஜ் ஓட்டிய பிரஸ்ஸில் இருந்த பழைய சிப், புதுக் கம்பைலரின் லிஸ்டில் இல்லை. 'இதற்கு ஆதரவு இல்லை' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். ஆனால் அதே குடும்பத்தில் பிறகு வந்த சிப் லிஸ்டில் இருந்தது. பழையது அண்ணன், இது தம்பி மாதிரி. தம்பிக்கான கட்டளைகளை அண்ணனுக்கும் கொடுக்கும்படி இரண்டு வரியை மாற்றினேன். கம்பைலர் அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை.

ஏஞ்சல்தான் திறந்தாள். எங்கள் டெஸ்டிங் பெண்.

"அதுவே முடியாதுன்னு சொல்லுது. நீங்க எதுக்கு சார் அத்த முடியும்னு சொல்ல வெக்கிறீங்க? ஓட்டிப் பாக்கக்கூட டெஸ்டிங்ல நம்மகிட்ட அந்த சிப்பு இல்ல."

நியாயமான பேச்சு. டெஸ்டிங்கில் இல்லை, அன்புராஜின் பிரஸ்ஸில் இருந்தது. ஆகவே புரோகிராமை அதில் ஏற்றி, சோதனையை அங்கே வைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மனிதர்கள் பயந்து பயந்து வேலை செய்வார்கள். சோதனை கெட்டுவிடும்.

பிரஸ்ஸின் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டு. கை குறுக்கே போனால் மிஷின் நிற்க வேண்டும். ஒருநாள் கேன்டீன் வாசலில் அன்புராஜ் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், ஒரு நிமிசம். கை உள்ள இருக்கசொல்லோ மிசினு நிக்கல. நல்லவேள, இஸ்துக்கினேன். இன்னான்னு கொஞ்சம் பாருங்க சார்."

"எப்பவுமே நிக்கலயா, எப்பயாச்சுமா?"

"ஒரு வாட்டிதான் சார்."

"ஒரு வாட்டிய வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணே. நீங்க எப்பவும்போல வேலைய பாருங்க. மறுபடி ஆனா சொல்லுங்க."

"நீங்க சொன்னா சரி சார்," என்றார். தங்கமான மனிதர். ஊத்துக்கோட்டையிலிருந்து வருகிறவர். ஒரு நாள்கூட லேட்டாக வந்ததில்லை.

மறுபடி ஆனபோது ஆம்புலன்ஸ் வந்தது. வலது கை, மணிக்கட்டு வரை.

ஆஸ்பத்திரிக்குப் போன ஒரே ஆபீசர் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆரஞ்சு வாங்கவில்லை, ஒற்றைக் கையால் உரிக்க முடியாது. திராட்சை வாங்கிப் போனேன். இதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்? அவர் மனைவி ஷைனி வராந்தாவில் நின்றிருந்தாள்.

"அவரு தூங்கிட்டாராம் சார். கம்பெனில சொல்லிக்கினு இருக்காங்கோ. இவரு தூங்குற ஆளா சார்?"

அப்படிச் சொன்னது நான்தான். தூங்கினார் என்று சொல்லவில்லை; களைப்பாக இருந்திருக்கலாம் என்று பதமாகச் சொன்னேன். மற்றவர்கள் அதைச் சுருக்கிவிட்டார்கள். டெஸ்டிங் சரியில்லை என்று ஏஞ்சலை வேலையைவிட்டு அனுப்பியதிலும் எனக்கு வருத்தம்தான். அவள் உங்களிடம் வந்து புகார் கொடுத்ததில் கோபமில்லை. சின்ன வயசு.

காரணம் எனக்கு எப்போது தெரியும் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். அன்புராஜ் கேன்டீன் வாசலில் சொன்ன அன்றே தெரியும். தம்பி சிப்புக்குத் தெரிந்த ஒரு கட்டளை அண்ணனுக்குத் தெரியாது. தெரியாது என்று அது முறையிடுவதும் இல்லை. பேசாமல் தாண்டிப் போய்விடும். புரோகிராமில் மிஷினை நிறுத்தும் இடத்தில்தான் அந்தக் கட்டளை இருந்தது. திருத்தியிருக்கலாம். ஆனால் திருத்த வேண்டுமென்றால், கை கொடுத்த எம்.டி.யிடம் போய் முடியாது என்று சொல்ல வேண்டும். தவிர, சில சமயம் நின்றது, சில சமயம் நிற்கவில்லை. அது எப்போது, ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் கைவைப்பது பொறுப்பான எஞ்சினியர் செய்கிற வேலையா?

பிரஸ்ஸைக் கழுவி அடுத்த ஷிப்டிலேயே ஓட்டினார்கள். ஆர்டர் அவசரம். புரோகிராம் அதேதான், நான் மாற்றச் சொல்லவில்லை. இப்போது அதன் முன்னால் வசந்தகுமார் நிற்கிறான். புதிதாகக் கல்யாணமாகி ஆடிக்கு மாமியார் வீட்டு அழைப்புக்குக் காத்திருக்கிறவன். சுறுசுறுப்பான கை.

எதற்கு சார் எழுந்துகொள்கிறீர்கள்? போனைக் கீழே வையுங்கள். ஷிப்ட் முடியட்டும். பாதியில் நிறுத்தினால் அன்புராஜ் கை போனதற்கே அர்த்தமில்லாமல் போய்விடும்.