சாவியோவின் மூன்றாவது ஆல்பம்

டீ நன்றாக இருக்கிறது சார். ஸ்டேஷனில் இஞ்சி தட்டிப் போட்டுத் தருவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

சாவியோவின் ராப் பாட்டுகளுக்கு இசை போடுபவன் நான். ராயபுரத்தில் என் வீட்டு மாடி அறைதான் ஸ்டுடியோ. அவனுடைய முதல் ஆல்பம், அவன் அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷம் பாடியது. கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் கேட்டவர்கள் அழுதுவிட்டார்கள்.

இரண்டாவதில் பீம்ராவ் சேர்ந்தான். வியாசர்பாடிப் பையன், இனிமையான குரல், தங்கமான பிள்ளை. அவன் பாடிய காதல் வரிகள் கல்யாண மண்டபம், ஷேர் ஆட்டோ என்று எங்கும் ஒலித்தன. சாவியோ சந்தோஷமாகிவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது.

"முதல் ஆல்பம் மாதிரி இன்னொரு தபா பாடேன்டா" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"போ மாமு. ஜனம் ஆடிக்கினு கீது, அத்தப் போய் அழ வெக்கச் சொல்றியே. அப்டிப் பாட எனக்கு இப்போ இன்னா துக்கம் கீது?"

நியாயமான கேள்வி. யோசித்துப் பார்த்தேன். அவனுக்குத் துக்கம் ஒன்றும் இல்லைதான்.

காசிமேட்டில் அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பாறைகள் மேல் வீடியோ எடுக்கலாம் என்று பீம்ராவைக் கூப்பிட்டேன். அவனுக்கு நீச்சல் தெரியாது. இன்னும் கொஞ்சம் பின்னால் போ என்றேன், சிரித்துக்கொண்டே போனான். பாசியில் தானாக வழுக்கிவிடும் என்று எதிர்பார்த்தேன். வழுக்கவில்லை. அதனால் கை வைக்க வேண்டியதாயிற்று.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் கானா பாடித்தான் அனுப்புவார்கள். சாவியோ பாடினான். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் மைக்கை நானே வைத்தேன். பீம்ராவின் அம்மா செங்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டு கதறினார். பதிவில் சத்தம் விழுமே என்று அவரைத் தள்ளி உட்காரவைத்தேன். சாவியோவின் குரல் அன்று எப்படி இருந்தது தெரியுமா சார்? ஒரே டேக். மூன்றாவது ஆல்பத்தில் அப்படியே போட்டிருக்கிறேன்.

என் தப்பு ஒன்றுதான். நல்ல மேளக்காரர் கிடைப்பது கஷ்டமாயிற்றே என்று, சாவு மேளம் அடிக்கும் ராசையாவிடம் முந்தின நாளே சொல்லி வைத்துவிட்டேன். அப்போது பீம்ராவ் என் ஸ்டுடியோவில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சாவியோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்றீர்கள். யார் செய்தது என்று அவனுக்கு இன்னும் தெரியாது. நீங்களே சொல்லிவிடுங்கள், நான் மறுக்க மாட்டேன். சொல்லும்போது மட்டும் பக்கத்தில் ஒரு போனை ரெக்கார்டிங்கில் போட்டு வையுங்கள். நாலாவதுக்கு வேண்டும்.