மக்காத மண்டபம்

எனக்குப் புளித்த மோர் ஆகாது, மேடம். காலையில் கடைந்த மோர் சாயங்காலம் லேசாகப் புளித்திருந்தால்கூட டம்ளரைத் தள்ளி வைத்துவிடுவேன். பழைய சோறு தொட மாட்டேன். வாழைப்பழத்தில் கறுப்புப் புள்ளி விழுந்தால் அது மாட்டுக்குத்தான். இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், நேற்று என் தோட்டத்தில் நீங்கள் பார்த்ததை வைத்து என்னை அசிங்கம் பிடித்த ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. ஆமத்தூர்ப் பக்கம் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். சுந்தரபாண்டி வீட்டு மாட்டுத்தொழுவத்தில் பாய் விரித்துப் படுக்கலாம் என்பார்கள்.

நீங்கள் கேட்டபடி நடந்ததை முதலில் இருந்தே சொல்கிறேன்.

என் மனைவி கற்பகவல்லிக்கு ஒரே தம்பி, ஸ்ரீராம்குமார். சென்னையில் ஓவியம் படித்தவன். படம் வரைவான் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். பொங்கல் கழித்து வந்து இறங்கினான். பையில் தூரிகை இல்லை, பெயின்ட் இல்லை. ஒரு கேமராவும் சில லுங்கிகளும் இருந்தன. வீட்டுக்குப் பின்னால் கிணற்றை ஒட்டிச் சும்மா கிடந்த இடத்தைக் காட்டி, “இங்கன ஒரு மண்டபம் கட்டிக்கிடவா அத்தான்?” என்றான். மச்சினன் ஆசைப்பட்டதை மறுத்தால் எங்கள் வீட்டில் அதற்கப்புறம் ரசத்தில் உப்பு இருக்காது. கட்டிக்கோ என்றேன்.

பருத்தி எடுத்த பின் பிடுங்கிப் போட்ட பருத்திமாரைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துத் தூண் நிறுத்தினான். மக்காச்சோளத் தட்டையால் கூரை. கரிசல் மண்ணும் சாணியும் குழைத்துச் சுவர். உள்ளே தரையில் வாழைப்பழம், பூசணிக்காய், சாமந்தி, வேப்பிலை எல்லாம் பரப்பினான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. திறப்பு விழா உண்டா என்று கேட்டேன்.

“திறக்கதுக்கு ஒண்ணுமில்ல அத்தான். இது இனிமே தானா அழுகணும். மக்கி, சரிஞ்சு, மண்ணோட மண்ணாப் போகணும். அதுதான் படைப்பு. காலம்தான் இதைச் செய்யுது, நான் இல்ல.”

“எம்புட்டு நாளாகும் மாப்ள?”

“அதைக் காலத்துக்கிட்டத்தான் கேக்கணும்.”

“நீ அதுவரைக்கும்?”

“இங்கனதான். பக்கத்துலயே இருந்து பாக்கணும்ல.”

அவன் மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது. தங்கமான பையன். ஆனால் மண்டபத்தைப் பார்த்த ஜன்னல் என் அறையில்தான் இருந்தது. ஆகவே கட்டிலும் மின்விசிறியும் அவனுக்கு, நான் கூடத்தில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில். சாப்பிடும்போது அழுகலைப் பற்றித்தான் பேசுவான். குழம்பில் இருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, “இதுவும் ஒரு பயணத்துல இருக்கு அத்தான்” என்பான். நான் கத்தரிக்காயை விட்டுவிட்டேன். அடுத்த வாரம் தக்காளியைப் பற்றிப் பேசினான். தக்காளியையும் விட்டேன்.

படித்த பையன் ஒரு விஷயத்தை மறந்துவிட்டான். இது விருதுநகர்ச் சீமை. இந்தப் பக்கம் பட்டாசுக் கம்பெனிகள் வந்து உட்கார்ந்ததே காற்றில் ஈரம் இல்லாததால்தானே. மருந்தே நமத்துப் போகாத ஊரில் பூசணிக்காய் எப்படி அழுகும்? காயத்தான் செய்யும். வாழைப்பழம் இடுப்பு வார் மாதிரி ஆயிற்று. சாமந்தி கலர்க் காகிதம் மாதிரி சலசலத்தது. பூசணிக்காயைத் தட்டினால் தவில் சத்தம் கேட்டது. சுவர் காய்ந்து இறுகி, ஆணி அடித்தால் ஆணி வளைந்தது.

மாசி மாதம் பக்கத்து வீட்டு அழகுராஜா வந்து மண்டபத்துக்குள் நின்று நாலா பக்கமும் பார்த்தார். எனக்குப் பங்காளி முறை, தம்பி மாதிரி. ஒரே காம்பவுண்டுச் சுவர்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவில். தூணை உலுக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணே, கல்லு மாதிரி நிக்குதே. நம்ம மாட்டுக்கு இதே மாதிரி ஒண்ணு போட்டுத் தருவாரா உங்க மச்சினரு?” என்றார்.

நல்ல மனசோடுதான் கேட்டார். ஸ்ரீராம்குமார் அன்று சாப்பிடவில்லை. கண் கலங்கி உட்கார்ந்திருந்தான். மறுநாள் தெளிந்து வந்து எனக்கு ஆறுதல் சொன்னான். “கவலைப்படாதீக அத்தான். ஐப்பசி மழை விழுந்தாச் சரியாயிரும். அதுவரைக்கும் நான் எங்கயும் போகல.”

மாசிக்கும் ஐப்பசிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள் மேடம். கற்பகவல்லி சந்தோஷத்தில் உளுந்த வடை சுட்டாள்.

அதற்குப் பிறகுதான் நான் தண்ணீர் ஊற்றினேன். தன் தோட்டத்தில் ஒருவன் தண்ணீர் ஊற்றுவது குற்றமாகாது. மச்சினன் எழுந்திருக்க எட்டு மணி ஆகும். நான் விடியும்போதே போய்த் தூணுக்கு அடியில் குடம் குடமாகச் சாய்த்துவிட்டு வந்துவிடுவேன். வெயில் ஏறியதும் எல்லாம் உறிஞ்சிப் போயிற்று. வெறும் தண்ணீர் போதாது என்று தெரிந்தது. அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினேன். பிறகு வெல்லப்பாகு. பிறகு, வீட்டில் நான் ஒதுக்கி வைத்த மோர்.

ஒரு காலையில் தென்மேற்குத் தூணில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. பொடிப்பொடியாக, பஞ்சு பிரித்த மாதிரி. ஸ்ரீராம்குமார் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் கற்பகவல்லி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். அவன் தரையில் குப்புறப் படுத்துப் படம் எடுத்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, “இயற்கை பேச ஆரம்பிச்சிருச்சு அத்தான்” என்றான்.

ஊருக்குக் கிளம்புவானா என்று மட்டும் பார்த்தேன். அவன், “இனிமேதான் ஆரம்பமே” என்றான்.

ஆக, சீக்கிரம் முடித்து அனுப்பிவிடலாம் என்று இன்னும் கொஞ்சம் வேலை செய்ய வேண்டியதாயிற்று. மோர் வெள்ளையாகப் பூக்கும். வெல்லம் கறுப்பாகப் பூக்கும். சாணிக் கரைசலில் வெல்லத்தைக் கரைத்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைத்தால் பாசி மாதிரி ஒரு பச்சை வரும். இதெல்லாம் தற்செயலாகத் தெரிந்துகொண்டதுதான். பல தடவை செய்து பார்த்ததில் தற்செயலாகத் தெரிந்தது. வெள்ளையும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் எடுப்பாக இருக்கும், கறுப்பு நடுவில் வந்தால் கண்ணை உறுத்தும். அதனால் கறுப்பைக் கீழே வைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் வைப்பார்கள்.

பங்குனியில் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுச் சென்னையில் ஒரு கண்காட்சிக்குக் கூப்பிட்டார்கள். ஸ்ரீராம்குமார் கிளம்பினான். பையைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டவன் நான்தான். எனக்கு அறை கிடைத்தது, கட்டில் கிடைத்தது. தக்காளி மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தேன்.

கண்காட்சி அன்று அவன் பேசுவதைப் போனில் போட்டுக் காட்டினாள் கற்பகவல்லி. கண்ணாடி போட்ட ஒரு அம்மா எழுந்து, அந்தத் தூணில் உள்ள பச்சையை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். மச்சினன் சிரித்துக்கொண்டே சொன்னான், “நான் எதுவும் செய்யவில்லை. அதில் மனிதக் கையே படவில்லை. அதுதான் அதன் அழகு.” எல்லோரும் கை தட்டினார்கள். கற்பகவல்லியும் தட்டினாள்.

எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. மறுநாள் காலையில் மீன் மார்க்கெட்டில் கருப்பணன் கடைக்குப் போய், ஒரு டெம்போ லோடு மீன் கழிவு அனுப்பச் சொன்னேன். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது.

செவுள், குடல், செதில் எல்லாம் கலந்து வந்தது. மண்டபத்துக்குள் பரப்பி, மேலே சாணி, அதற்கு மேலே தட்டை என்று அடுக்கினேன். மண்டபம் மொத்தத்தையும் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் மண்ணை அணைத்துக் காற்றுப் போகாமல் அடைத்தேன். அந்த வாரமே ஸ்ரீராம்குமார் போன் செய்தான். “ஷோ முடிஞ்சிருச்சு அத்தான். இனிமே அது வேண்டாம். இடிச்சுப் போட்டுட்டு மாடு கட்டிக்கிடுங்க” என்றான். சரி என்றேன்.

கற்பகவல்லிதான் விடவில்லை. “அவனே இடிக்கச் சொல்லிட்டான். பிறகு எதுக்குத் தினமும் விடிய எந்திரிச்சு அங்கன போய் நிக்கீக? தார்ப்பாய்க்குள்ள கைய விட்டுட்டுக் கண்ண மூடிக்கிட்டு நிக்கீகளாம். வேலைக்குப் போற பொம்பளைக வேன்ல இருந்து பாத்துட்டுச் சிரிக்காளுக.”

“உரத்துக்கு” என்றேன். அவள் நம்பவில்லை.

சூடு பார்ப்பதற்குத்தான் கையை விட்டேன். உள்ளே வேகிற சூடு இருந்தால் நன்றாக மக்குகிறது என்று அர்த்தம். கண்ணை மூடியது வாடைக்காக.

சித்திரையில் அழகுராஜா வெற்றிலை பாக்கோடு வந்தார். அவர் மகள் ரோஷினிக்கு நிச்சயதார்த்தம், வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு. மாப்பிள்ளை வீடு காரியாபட்டி. அந்தப் பிள்ளை நான் தூக்கி வளர்த்த பிள்ளை. நடக்கப் பழகியது எங்கள் முற்றத்தில்தான். அழகுராஜா கிளம்பும்போது தயங்கித் தயங்கி, “அண்ணே, சொல்லுறேன்னு நினைக்காதீக. லேசா ஒரு வாடை வருது. அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஏதாச்சும் பண்ணுங்க” என்றார்.

“நான் பாத்துக்கிடுறேன் தம்பி. நீங்க கவலையே படாதீக” என்றேன்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் மேடம். அதில் பொய் இல்லை. நேற்றுத்தான் நிச்சயதார்த்தம். காலையில் எழுந்து பார்த்தேன். கையை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. தூண்கள் அடியில் நொளுநொளுவென்று ஆகியிருந்தன. அன்றைக்குச் சாய்ந்துவிடும் என்று தெரிந்துபோயிற்று. தார்ப்பாயை மூடியபடியே விட்டிருந்தால் வாடை வெளியே வந்திருக்காது, உள்ளேயே சரிந்திருக்கும். ஆனால் எப்படிச் சரிந்தது என்று யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். சாயங்காலம் வரைக்கும் தாங்குமா என்று இரண்டு தடவை வந்து பார்த்தேன். தாங்காது.

சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு மாற்றுவதற்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். இந்தப் பக்கம் நான் தார்ப்பாயை உருவினேன்.

முதலில் ஆவி எழும்பியது. பிறகு தென்மேற்குத் தூண், யானை மண்டியிடுகிற மாதிரி மெதுவாக மடங்கியது. கூரை அதன் மேல் சாய்ந்து, சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. எத்தனையோ நிறம். அதைச் சொல்லிப் புரிய வைக்க எனக்குத் தெரியவில்லை, நீங்கள் வந்தபோது பாதி போய்விட்டது.

அப்புறம்தான் சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தம் என் காதில் விழுந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாராம். பந்தியில் போட்ட இலை போட்டபடி கிடக்க, காரியாபட்டிக்காரர்கள் வேனில் ஏறிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் பிணம் கிடக்கிறது என்று உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்ததும் அவர்களில் ஒருவர்தான். நீங்கள் வந்து, வீட்டில் தங்கியிருந்த மச்சினன் எங்கே என்று கேட்டீர்கள். கேட்டது நியாயம்தான். கற்பகவல்லி என்னைப் பார்த்த பார்வையில், அவளுக்கும் ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது தெரிந்தது.

நீங்கள் வருவதற்கு முன்னால் ரோஷினி சுவர் ஓரமாக வந்து நின்றாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, மூக்கில் முந்தானை. அவள் திட்டவில்லை. அழவும் இல்லை.

“இன்னைக்கா பெரியப்பா?” என்று மட்டும் கேட்டாள்.

“இன்னைக்குத்தான் தாயி பதமா இருந்துச்சு” என்றேன்.

பிள்ளை திரும்பி உள்ளே போய்விட்டாள். இப்போது மாப்பிள்ளைப் பையன் விடாப்பிடியாக நின்றதில், வைகாசியில் காரியாபட்டியில் வைத்தே நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று பேசி முடித்திருக்கிறார்களாம். சுந்தரபாண்டியை அழைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவர்கள் போட்ட நிபந்தனை. நியாயமான நிபந்தனை.

ஸ்ரீராம்குமாரை நீங்கள் வீடியோவில் கூப்பிட்டபோது, அவன் உயிரோடு இருப்பதைப் பார்த்து நீங்கள் போனை வைக்கப் போனீர்கள். அதற்குள் அவன் நமக்குப் பின்னால் கிடந்த குவியலைப் பார்த்துவிட்டு, “அத்தான், தானா விழுந்துச்சா?” என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். தானாக விழவில்லை. மோர் ஊற்றியது நான், மீன் கழிவு இறக்கியது நான், மூடியது நான், திறந்ததும் நான். நிச்சயதார்த்தம் என்று தெரிந்தே திறந்தேன். இதில் ஸ்ரீராம்குமாருக்குத் துளிகூடப் பங்கு கிடையாது. அதை மட்டும் தெளிவாக, பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வராதபடி எழுதுங்கள். என் பெயரில் 'சுந்தர' சேர்த்துத்தான் எழுத வேண்டும், வெறும் பாண்டி இல்லை.

மற்றபடி எனக்குக் கலை மேலெல்லாம் ஆசை கிடையாது. மச்சினனை ஊருக்கு அனுப்பி வைக்கத்தான் இவ்வளவும் செய்தேன். பஞ்சாயத்தில் இருந்து நாளைக்கு ஆள் அனுப்பி எல்லாவற்றையும் அள்ளப் போவதாகச் சொன்னீர்கள். தாராளமாக அள்ளட்டும். வடக்கு மூலையை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தொடாமல் விடச் சொல்லுங்கள் மேடம். நேற்றுச் சாயங்காலத்தில் இருந்துதான் அங்கே ஒரு நீலம் வர ஆரம்பித்திருக்கிறது.