ஈரப் பலகை

"கொஞ்சம் தள்ளுங்கம்மா" என்று ஸ்ட்ரெச்சர் தூக்கியவர் அவசரப்படுத்தியபோது, நான் முட்டைகோஸின் அடி இலையிலிருந்து ஒரு நத்தையை எடுத்துக்கொண்டிருந்தேன். ஓடு இல்லாத நத்தை. தூறல் விழுந்த சாயங்காலம் என்றால் அவை வெளியே வந்துவிடும், வீட்டில் என்ன நடந்தாலும் சரி. நான் தள்ளி நின்றேன். பக்கத்து வீட்டு டிரைவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓட வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். ஆயுசில் பாதியை ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாகக் கழித்தவள் நான்.

உட்காருங்கள், இன்ஸ்பெக்டர் சார். அந்த நாற்காலி ஆடும். இதில் உட்காருங்கள்.

டிரைவர் என்றுதான் தெருவே அவரைக் கூப்பிடும். பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். மனைவி இல்லை, மகள் வேறு ஊரில். அவர் தோட்டத்துக்கும் என் தோட்டத்துக்கும் நடுவே ஒரு வேலி, வேலியில் ஒரு சின்னக் கதவு, கதவடியில் ஒரு கல்படி. ஒரு நாளில் என்னிடம் பேசுகிற ஒரே ஆள் அவர். ரேடியோவைச் சேர்த்தால் இரண்டு.

நத்தைதான் எங்களைப் பழக்கிவைத்தது. மழைக்காலத்தில் என் கீரைப் பாத்தி சல்லடையாகிவிடும். இருட்டத் தொடங்கியதும் அவர் டார்ச்சோடு வருவார். அவர் வெளிச்சம் பிடிக்க, நான் இடுக்கியால் எடுத்து உப்புத் தண்ணீர் டப்பாவில் போடுவேன்.

"இதுங்களுக்கு ஹாரன் அடிச்சாலும் நகராது சிஸ்டர்" என்பார்.

"ரிவர்ஸும் வராது" என்பேன்.

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் மறுநாள் சாயங்காலம்வரை எனக்கு அது போதும்.

வெயில் காலத்தில் நத்தை மண்ணுக்குள் இறங்கிவிடும். அப்போது அவரும் வரமாட்டார். வராததற்கு அவரிடம் கோபம் இல்லை. வேலை இல்லாத இடத்துக்கு யார்தான் வருவார்கள்?

போன வருடம், தவளை வந்தால் நத்தையைத் தின்றுவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பழைய தொட்டி ஒன்றை மண்ணில் புதைத்துத் தண்ணீர் விட்டார். தவளைகள் வந்தன. கல்லுக்கடியில் கறுப்பு வண்டுகள் பெருகின. காலையில் பறவைகள் பாத்தியைக் கிளறின. மழை வந்தும் நத்தை வரவில்லை.

"நமக்கு வேலையே இல்லாமப் போச்சு சிஸ்டர். இனிமே தவளைக்குத்தான் சம்பளம் குடுக்கணும்" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே சிரித்தார். கதவைத் திறக்கவில்லை.

நான் தவளைகளைப் பிடித்து வாளியில் போட்டு, ரோட்டைத் தாண்டி வாய்க்காலில் விட்டேன். முழங்கால் வலி அதிகமான பிறகு ரோட்டைத் தாண்ட முடியவில்லை. உப்பு வீட்டிலேயே இருந்தது. வண்டுகளுக்குக் கொதிநீர். பறவைகள் அண்டாமல் இருக்க வேலி நெடுகப் பழைய டப்பா மூடிகளைக் கட்டினேன். காலையில் ஊற்ற வேண்டிய தண்ணீரைச் சாயங்காலம் ஊற்றினேன். ராத்திரி முழுக்க மண் ஈரமாக இருக்கும் அல்லவா. கேட்டால் சிரிப்பீர்கள், நான் அந்தத் தோட்டத்தை நத்தைக்காகவே வளர்த்தேன்.

வந்தன. அவரும் வந்தார், தினமும். இந்த வருடம்போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

ஆனால் நத்தைக்கு வேலி தெரியாது. அவருடைய பீன்ஸ் நாற்றை மூன்று தடவை மொட்டையடித்துவிட்டன. மூன்றாம் தடவை அவர் பாத்தி ஓரம் குத்துக்காலிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"போதும் சிஸ்டர். பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. மூணாவது மாடி, தொட்டியில ஒரு மிளகாச் செடி வெச்சாப் போதும். அவ்வளவு உசரத்துக்கு எந்த நத்தை ஏறும்?"

"லிஃப்ட் இருக்கில்ல" என்றேன். சிரித்தார். ஆனாலும் கிளம்பும் நாளைக் குறித்துவிட்டார்.

நத்தை பிடிக்க நாங்கள் ஈரமண்ணில் பலகை போட்டுவைப்போம். அடியில் வந்து ஒண்டிக்கொள்ளும்; காலையில் புரட்டினால் கொத்தாக எடுக்கலாம். அந்த அடிப்பக்கம் கோழையாக இருக்கும், கால் வைத்தால் நிற்காது. இன்று காலை ஒரு பலகையைப் புரட்டி, கோழை மேலே தெரிகிறமாதிரி என் பக்கக் கல்படிமேல் போட்டேன். இன்றுதான் அவர் கிளம்பும் நாள், சொல்லிக்கொள்ள அந்த வழியாகத்தான் வருவார். ஒரு சுளுக்கு, சார். கட்டுப் போட்டு இரண்டு வாரம் உட்காரவைக்கலாம் என்றுதான் கணக்குப் போட்டேன். நான் நன்றாகக் கட்டுப் போடுவேன்.

வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்தார். விழுந்தார்.

விழுந்ததுமே உயிர் போயிருக்கும் என்று வாசலில் யாரிடமோ நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. அது தப்பு. தப்பாக எழுதிக்கொள்ள வேண்டாம் என்றுதான் உங்களை உட்காரச் சொன்னேன்.

இடுப்பெலும்பு. பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்ததைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். உள்ளே கசிந்தால் நிற்காது என்பதும் தெரியும். அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதே நான்தானே.

"சிஸ்டர், ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க" என்றார்.

"சொல்லியாச்சு" என்றேன்.

நம்பினார். தலைக்குத் தலையணை வைத்தேன், போர்வை போர்த்தினேன், தூறல் படாமல் தார்ப்பாயை வேலியில் இழுத்துக் கட்டினேன். ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் சட்டைப்பையில் போன் அடித்தது, எடுத்து அணைத்துவைத்தேன். ஸ்டேஷனுக்குப் போக அவர் சொல்லிவைத்திருந்த வாடகைக் கார் வந்து ஹாரன் அடித்தது. வாசலுக்குப் போய், "அவர் அப்பவே பஸ்ல போயிட்டாரேப்பா" என்றேன். கார்க்காரர் முணுமுணுத்துக்கொண்டே போனார். நான் திரும்பி வந்ததும் டிரைவர், "வந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

"வழியில இருக்காங்க."

அங்கே ரயிலிலிருந்து அவர் இறங்கவில்லை என்றதும் மகள்தான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அப்பாவின் நாடியை நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவள் இல்லை, நான். எப்போது வேகமானது, எப்போது நூலாக இளைத்தது, எல்லாம் என் விரலுக்குத் தெரியும். காலையில் போன் பண்ணியிருந்தால் பிழைத்திருப்பார். மத்தியானத்தில் பண்ணியிருந்தாலும் ஒருவேளை. போன் என் மடியில்தான் இருந்தது.

அவர் என் தோட்டத்தில் அவ்வளவு நேரம் இருந்ததே இல்லை, சார். மகள் வந்தால் இதை மட்டும் சொல்லுங்கள். மத்தியானத்துக்கு மேல், போக வேண்டும் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.