கால்வாய்க் கரையில் ‘வர்றேன்’ என்று சொன்னது பற்றி

என் பெயர் புஷ்பமேரி. வயது நாற்பத்தாறு. கணவர் பெயர் பர்னபாஸ், அவர் ஓமானில் சோஹாரில் படகு எஞ்சின் மெக்கானிக். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல். தற்போது ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிளினிக்கில் நர்ஸாக வேலை பார்த்து, அதன் மாடி அறையில் தங்கியிருக்கிறேன். போலீஸ் அதிகாரி அரபியில் கேட்பதை மொழிபெயர்ப்பாளர் ஹபீப் முகம்மது எனக்குத் தமிழில் சொல்கிறார். நான் தமிழில் சொல்வதை அவர் எழுதிக்கொள்கிறார்.

இறந்துபோன சேதுபதி, வயது ஐம்பத்துநான்கு, ராமநாதபுரம் மாவட்டம், டைல்ஸ் சூளையில் வேலை பார்த்தார். இப்போது காவலில் இருக்கும் விமல், வயது இருபத்தொன்பது, அரியலூர் மாவட்டம், அதே கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். விமலை ‘அவர்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது, தம்பி வயது, ‘அவன்’ என்றே எழுதிக்கொள்ளவும். இருவரும் ஒரே கேம்பில் ஒரே ரூமில் இருந்தவர்கள். அவர்களுக்குள் சண்டை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது. சேதுபதி அண்ணனின் குறட்டை பற்றி விமல் புகார் சொல்வான், அவ்வளவுதான்.

சேதுபதி அண்ணனுக்குச் சர்க்கரை இருந்தது. கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் நடக்கச் சொல்வேன், டூட்டி முடிந்தால் கட்டில்தான் என்பார். அதன் பிறகு நானே இடம் பார்த்தேன். சுத்தம் செய்த தண்ணீரைக் கடல் ஓடைக்குக் கொண்டுபோகும் கால்வாய் ஒன்று ஊருக்குத் தெற்கே இருக்கிறது. மேடு பள்ளம் கிடையாது. ஒரு பக்கம் நாணல், மறுபக்கம் கண்ணுக்கு எட்டும்வரை வெள்ளையாகத் தட்டை நிலம். நடுவில் கரை மேல் ஒரு வண்டி மட்டும் போகும் அளவுக்கு ஒற்றைப் பாதை. முட்டிவலிக்காரர்களும் பேசிக்கொண்டே நடக்கலாம். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேரும் அங்கே போய் வந்தோம். எனக்கும் அது பிடித்திருந்தது. கிளினிக்கின் மருந்து வாடை இல்லாமல் நான் மூச்சு விடும் ஒரே இடம் அது.

சம்பவத்தன்று காலை மூடுபனி இருந்தது. அதற்கு முந்தைய வாரம் மழை பெய்திருந்தது. வெயில் வந்த பிறகு வெள்ளை நிலத்தின் நடுவில் பூநாரைகள் கூட்டமாக நிற்பது தெரிந்தது. சேதுபதி அண்ணன் ஊரில் இருக்கும் மனைவி அகிலாவுக்கு அனுப்புவதற்காக வாட்ஸ்அப்பில் குரல் பதிவு செய்துகொண்டே நடந்தார். பறவைச் சத்தம் அதில் விழ வேண்டும் என்று கரையை விட்டு இறங்கினார். நான், “எறங்காண்டாம் அண்ணே, மழ பெஞ்ச எடம்” என்றேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்து, “உப்பு மேல நடந்து வளர்ந்த காலு சிஸ்டர் இது” என்றார். வாலிபத்தில் அவர் ஊர்ப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். உப்பளப் பாத்தியின் தரை மிதித்து மிதித்து இறுகியது, ஆள் நின்று வேலை செய்யலாம். இந்த நிலத்தை யாரும் மிதித்ததில்லை. மேலே உப்பு ஓடு, கீழே கறுப்புச் சேறு. உப்பளமும் இந்த நிலமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

கொஞ்ச தூரம் நன்றாகத்தான் நடந்தார். அதன் பிறகு ஓடு உடைந்து ஒரு கால் தொடைவரை இறங்கியது. அதை இழுக்க மறுகாலை ஊன்றினார், அதுவும் இறங்கியது. இழுக்க இழுக்க இடுப்புவரை போனது. விமல் உடனே கரையிலிருந்து குதிக்கப் போனான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, “விமலு, நீ எறங்காண்டாம். ரெண்டு பேர என்னால தூக்க முடியாது” என்றேன். விமலின் ஷூவில் சேறு இல்லை, ஆகவே அவன் காப்பாற்ற முயலவில்லை என்று அதிகாரி சொல்கிறார். அவன் ஷூவில் சேறு இல்லாததற்குக் காரணம் என் கை. இதைத் தயவுசெய்து அரபியில் தெளிவாக எழுதவும்.

அதன் பிறகு நான் என் போனில் அவசர எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் இடம் கேட்டார். கால்வாய் என்றேன், எந்தக் கால்வாய் என்றார், பறவை நிற்கும் இடம் என்றேன். எனக்கே என் பதில் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. மெயின் ரோட்டிலிருந்து திரும்பும் இடத்தில் பெயர்ப் பலகை கிடையாது. அங்கே போய் நின்று வண்டியைக் கூட்டிவரும்படி விமலிடம் நான் சொன்னேன். அவன் சேதுபதி அண்ணனைப் பார்த்து, “அப்ப நான் வர்றேண்ணே” என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினான்.

அந்த நேரத்தில் சேதுபதி அண்ணன் போன் நனையக் கூடாது என்று அதை என்னிடம் வீசினார். பதிவு அதுவரை ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அணைக்கப் போய் அனுப்பிவிட்டேன். நான் விமலிடம் பக்கத்தில் நின்று சொன்னது தூரத்தில் அதில் விழவில்லை, அவன் அண்ணனைப் பார்த்துக் கத்திச் சொன்னது விழுந்திருக்கிறது. ஆகவே அகிலாவுக்குப் போன பதிவில் விமலின் குரல்தான் கடைசி. அதற்கு அண்ணன் சொன்ன பதில் அதில் இல்லை. நான் காதால் கேட்டேன். “போய்ட்டு வா தம்பி, ஓடாத, வழுக்கும்” என்றார்.

நான் போலீஸிடம் கொடுத்த அண்ணனின் போனில் இருந்த அந்தப் பதிவைத் தமிழ் அரைகுறையாகத் தெரிந்த யாரோ மொழிபெயர்த்து, விமல் ‘உன்னிடம் வருகிறேன்’ என்று நம்பவைத்துவிட்டு எதிர்த்திசையில் ஓடியதாக எழுதிக் கொடுத்திருப்பதாகவும், அதை வைத்தே அவனைக் காவலில் வைத்திருப்பதாகவும் அதிகாரி சொல்கிறார். போகிறவன் ஏன் வருகிறேன் என்கிறான் என்று என்னிடம் கேட்கிறார். இதை ஒருவர் கேள்வியாகக் கேட்பார் என்று நான் நினைத்ததில்லை. எங்கள் ஆட்கள் யாரும் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்ல மாட்டார்கள். வாய் தவறிச் சொன்னால் வீட்டில் திட்டு விழும். கடைக்குப் போனாலும் வர்றேன், டூட்டிக்குப் போனாலும் வர்றேன், போனை வைத்தாலும் வர்றேன். என் கணவர் சோஹாருக்கு பஸ் ஏறும்போதும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார். போகிறேன், திரும்பி வருவேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். மொழிபெயர்ப்பாளருக்கும் இது தெரியும், ஆனால் அவர் தன் கருத்தைச் சொல்லக் கூடாதாம், நான்தான் சொல்ல வேண்டுமாம். அதனால் சொல்கிறேன்.

விமல் போன பிறகு நான் கரையில் குப்புறப் படுத்துச் சேதுபதி அண்ணனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். சேற்றின் குளிரில் அவர் பல் கிடுகிடுத்தது. உதடு நீலமானதைப் பார்த்தேன், நர்ஸ் என்பதால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பயந்தேன். பயத்தை முகத்தில் காட்டவில்லை. அவர், “பறவ பறக்கவே இல்ல பாருங்க சிஸ்டர்” என்றார்.

அதன் பிறகு ஆம்புலன்ஸும் மீட்பு வண்டியும் வந்தன. திருப்பத்தில் சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டு ஒருவன் நின்றதால்தான் வழி தெரிந்தது என்று டிரைவர் என்னிடம் சொன்னார். அவரை விசாரித்தால் தெரியும். மீட்பு ஆட்கள் பலகை போட்டு அண்ணனை வெளியே எடுத்தார்கள். என்னை அவரோடு வண்டியில் ஏற்றவில்லை. கதவைச் சாத்தும்போது அவர் என்னைப் பார்த்து, “வர்றேன் சிஸ்டர்” என்றார். நான், “வாங்கண்ணே” என்றேன். கரையில் வண்டி திரும்ப இடம் இல்லாததால் அது விமல் நின்ற திருப்பத்துக்கு வராமல் மறுமுனை வழியாகவே போய்விட்டது.

அதன் பிறகு விமல் வெறும் மேலோடு ஓடி வந்தான். “வந்துட்டேன் சிஸ்டர், அண்ணன் எங்க?” என்றான். ஆஸ்பத்திரி சேரும் முன்பே அண்ணனின் இதயம் நின்றுவிட்டது என்பது எங்களுக்கு மதியம்தான் தெரிந்தது.

விமல் வர்றேன் என்று சொன்னான், வந்தான். அவனைக் காப்பாற்ற இதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, முழுவதும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) பு. புஷ்பமேரி

மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: விமல் சொன்ன ‘வர்றேன்’ என்ற சொல்லை, சாட்சி விளக்கியபடி, ‘போய்விட்டுத் திரும்பி வருகிறேன்’ என்று அரபியில் எழுதியிருக்கிறேன். சேதுபதி ஆம்புலன்ஸில் சொன்ன அதே சொல்லை எப்படி எழுதுவது என்று சாட்சியிடம் கேட்டேன். “அதையும் அப்படியே எழுதுங்க” என்றார். அப்படியே எழுதினேன்.

(ஒப்பம்) ஹபீப் முகம்மது