செவலையை ஏலம் எடுத்தவன்

எனக்குக் குரலை உயர்த்திப் பேசிப் பழக்கமில்லை, ஐயா. வேடசந்தூர் மில்லில் பதினாறு வருஷமாக சூப்பர்வைசர். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

போனில் ஒரு ஏல ஆப் இருக்கிறது. நத்தம் பக்கத்துப் பேச்சியம்மாள் தன் ஜல்லிக்கட்டுக் காளை செவலையை அதில் போட்டிருந்தார். கடைசி நிமிடம் வரை விடாமல் நின்று ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு எடுத்தேன். பணத்தையும் உடனே அனுப்பினேன். மறுநாள் வண்டியோடு போய் நின்றால், அந்தம்மா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்.

"கன்னுலருந்து வளத்தது தம்பி. குடுக்க மனசு வரல. உங்க காசை அம்புட்டையும் திருப்பித் தாரேன்."

காசு எனக்கு எதற்கு? அது இருந்ததால்தானே ஏலம் எடுத்தேன்.

திண்டுக்கல்லில் வக்கீல் மரியசெல்வத்தைப் பார்த்தேன். நோட்டீஸ் அனுப்பினார். பதிலுக்குப் பணம்தான் வந்தது. அப்படியே திருப்பிவிட்டேன்.

"அந்தம்மா யாவாரி இல்ல, நுகர்வோர் கோர்ட்டுல நிக்காது. நஷ்டஈடு கேக்கலாம். மாடுதான் வேணும்னா சிவில் கேசு போடணும், நாலஞ்சு வருஷம் இழுக்கும்" என்றார் வக்கீல்.

அவர் மேல் குறையில்லை. ஆனால் தீர்ப்பு வரும்போது செவலைக்கு வாடிவாசலில் நிற்க வயது இருக்காது. இதற்கிடையில் வருகிற தை ஜல்லிக்கட்டுக்குப் பேச்சியம்மாள் தன் பெயரிலேயே டோக்கன் வாங்கிவிட்டார். என் மாட்டை இன்னொருவர் பெயரில் அவிழ்ப்பது நியாயமா, சொல்லுங்கள். அதைக் கேட்டபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை.

ஜல்லிக்கட்டு மாடு வேற்றாள் கையில் எதையும் வாங்காது. அதனால் ஒரு சீப்பு சிறுமலைப் பழத்தோடு சமாதானம் பேசப் போனேன்.

"கேசு வேணாம்மா. நீங்களே வச்சுக்கங்க."

"நல்லா இருப்பீங்க சாமி" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

பழத்தில் மருந்து ஏற்றியிருந்தேன். அவரே ஒவ்வொன்றாக ஊட்டினார். செவலையும் சாதுவாக வாங்கிக்கொண்டது. பொழுது சாய்வதற்குள் விழுந்து செத்துவிட்டதாம். தன் கையாலேயே கொடுத்தோமே என்று அந்தம்மா அன்றிலிருந்து சோற்றைத் தொடவில்லையாம்.

கடைசிப் பழத்தை அவர் தனக்கென்று உரித்தார். நான்தான் சட்டென்று தடுத்து, அதையும் மாட்டுக்கே கொடுக்கச் சொன்னேன். இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அந்தம்மாவுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை.